பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிச் சமூக அரசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ஜியத்தில் நடுவண் அரசைத் தவிர இன்னும் ஐந்து அரசுகள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது, ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய ஆய்பன் நகரிலிருந்து இயங்கும் ஜெர்மன் மொழிச் சமூக அரசு. அதன் ஆளுகைக்கு உட்பட்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். பரப்பளவு 850 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனாலும் அதற்குச் சட்டமன்றம் உண்டு, அமைச்சரவை உண்டு, நடுவண் நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கு நிகரான சட்டம் இயற்றும் உரிமையும் உண்டு. இந்த அமைப்பைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தர முயல்கிறேன்.

பெல்ஜியத்தில் ‘மொழிச் சமூகம்’ என்பது சட்டப்படி என்ன?

பெல்ஜிய அரசியலமைப்பின் முதல் விதி, அந்நாடு சமூகங்களாலும் வட்டாரங்களாலும் ஆன கூட்டாட்சி நாடு என்று கூறுகிறது. 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த வாசகம் இது. பிளெமிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று சமூகங்கள் உள்ளன. பிளாண்டர்ஸ், வலோனியா, பிரசெல்ஸ் என்று மூன்று வட்டாரங்கள் உள்ளன. சமூகம் என்பது மொழியையும் அந்த மொழி வழியாக மனிதர்களுக்குக் கிடைக்கும் சேவைகளையும் சார்ந்தது: பள்ளி, நூலகம், ஒலிபரப்பு, முதியோர் பராமரிப்பு, இளையோர் பாதுகாப்பு. வட்டாரம் என்பது நிலத்தைச் சார்ந்தது: சாலை, வேளாண்மை, சுற்றுச்சூழல், பொருளாதாரம், வீட்டு வசதி.

ஒரே நாட்டை இப்படி இரண்டு முறை, இரண்டு விதமாகப் பிரித்ததற்குக் காரணம், 1970-இல் தொடங்கிய அரசுச் சீர்திருத்தத்தின்போது இரு தரப்பினர் இரு வேறு பொருள்களைக் கேட்டதுதான். டச்சு பேசும் பிளெமிஷ் மக்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிரெஞ்சின் ஆதிக்கத்தில் இருந்தவர்கள் என்ற வகையில், மொழிக்கும் பண்பாட்டுக்கும் தன்னாட்சி கேட்டனர். நிலக்கரியும் எஃகும் சரிந்துகொண்டிருந்த வலோனியாவோ, தன் பொருளாதாரத்தைத் தானே நிர்வகிக்கும் அதிகாரத்தைக் கேட்டது. இருவர் கேட்டதும் கொடுக்கப்பட்டது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. ஜெர்மன் பேசுவோர் இந்தப் பேரத்தில் முதன்மைத் தரப்பாக இல்லை. ஆனால் அடுக்கு உருவானபோது அவர்களுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது.

இது நம்முடைய மொழிவழி மாநிலம் போன்றதுதானே?

இல்லை. இந்தியாவில் 1956-இல் நடந்த மாநிலச் சீரமைப்பு, மொழியை அளவுகோலாகக் கொண்டு நிலத்தைப் பிரித்தது. பிரித்த பிறகு அந்த நிலத்தில் உள்ள காவல், சாலை, பள்ளி, மருத்துவமனை அனைத்தும் ஒரே மாநில அரசின் கையில் வந்தன. பெல்ஜியத்தில் மொழிச் சமூக அரசுக்குப் பள்ளி உண்டு, சாலை கிடையாது. ஜெர்மன் மொழிப் பகுதியைப் பொறுத்தவரை அது வலோன் வட்டாரத்தின் எல்லைக்குள்ளேயே அமைந்திருப்பதால், ஆய்பனில் வாழும் ஒருவர் ஒரே நேரத்தில் ஆய்பன் அரசுக்கும், பிரெஞ்சு பேசும் வலோன் அரசுக்கும், நடுவண் அரசுக்கும் உட்பட்டவர். இவை போக லியேஜ் மாகாணமும் உள்ளாட்சியும் உண்டு. இத்தனை தளங்களைக் கண்டு பெல்ஜியர்களே சலித்துக்கொள்வதுண்டு.

ஜெர்மன் பேசும் இந்தப் பகுதி பெல்ஜியத்துக்குள் எப்படி வந்தது?

போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து, 1919-ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையின் வழியாக வந்தது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டு, 1815-ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டின் முடிவுப்படி, அது புருசியாவின் ஆட்சியில் இருந்தது. உடன்படிக்கை மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்னது உண்மைதான். 1920-இல் அது நடந்த விதம்தான் வேடிக்கை. மறைவான வாக்குப்பெட்டி எதுவும் இல்லை. பெல்ஜிய ஆட்சியை ஏற்காதவர்கள் ஆய்பனிலும் மால்மெடியிலும் வைக்கப்பட்ட பதிவேட்டில், அதிகாரிகளின் கண்முன்னே, தங்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தகுதியுள்ள ஏறத்தாழ 33,700 பேரில் 271 பேர் மட்டுமே அவ்வாறு எழுதினர். மீதிப் பேர் சம்மதித்ததாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. 1925 வரை தளபதி ஹெர்மன் பால்டியா கிட்டத்தட்ட ஓர் ஆளுநரைப் போல இப்பகுதியை ஆண்டார்.

1940 மே மாதம் ஹிட்லர் இதை மீண்டும் ஜெர்மனியோடு இணைத்தார். இங்குள்ள இளைஞர்கள் ஜெர்மன் படையில் சேர்க்கப்பட்டனர். 1944 டிசம்பரில் ஆர்டென் சண்டையின்போது சாங்க்ட் ஃபீட் நகரம் குண்டுவீச்சில் ஏறத்தாழ முழுவதும் தரைமட்டமானது. போருக்குப் பின் பெல்ஜியம் திரும்பி வந்தபோது, எதிரிக்குத் துணைபோனவர்கள் என்ற ஐயத்தில் ஏராளமானோர் விசாரிக்கப்பட்டனர். ஜெர்மன் பேசுவதே சந்தேகத்துக்குரிய செயலாக இருந்த அந்த ஆண்டுகளில் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு மேலோங்கியது. இந்தப் பின்னணி தெரியாமல் பார்த்தால், இன்றைய ஆய்பன் அரசியல்வாதிகள் காட்டும் நிதானமும், பெல்ஜியத்தின் மீது அவர்கள் வெளிப்படையாகக் காட்டும் பற்றும் புரியாது. பிரிந்துபோவோம் என்ற முழக்கம் அங்கே செல்லாது. இன்னும் கொஞ்சம் அதிகாரம் தாருங்கள் என்ற கோரிக்கை மட்டும் நாற்பது ஆண்டுகளாக ஓயாமல் ஒலிக்கிறது.

அரசு எப்போது தொடங்கியது?

1960-களின் தொடக்கத்தில் வந்த மொழிச் சட்டங்கள் ஜெர்மன் மொழிப் பகுதியின் எல்லையை வரைந்தன. அதன் அடிப்படையில் 1973 அக்டோபரில் ஜெர்மன் பண்பாட்டுச் சமூக அவை முதன்முறை கூடியது. மறு ஆண்டு மார்ச்சில் அதன் 25 உறுப்பினர்களும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மற்ற இரு சமூகங்களின் அவைகளிலும் அப்போது நடுவண் நாடாளுமன்ற உறுப்பினர்களே அமர்ந்திருந்தனர் என்பதால், மிகச் சிறிய சமூகமே நேரடித் தேர்தலில் முந்திக்கொண்டது. ஆனால் அந்த அவைக்குக் கருத்துச் சொல்லும் அதிகாரமும் குறுகிய ஒழுங்குமுறை அதிகாரமுமே இருந்தன. அதற்கு அரசு என்று ஒன்று இல்லை.

1983 டிசம்பர் 31 அன்று இயற்றப்பட்ட சட்டம்தான் அதற்குச் சட்டம் இயற்றும் உரிமையையும் செயலாட்சியையும் தந்தது. 1984-இன் தொடக்கத்தில் மூவர் கொண்ட முதல் அமைச்சரவை பதவியேற்றது. அதன் தலைவர் புரூனோ ஃபாக்னூல். பிறகு 1986 முதல் 1999 வரை ஜோசப் மாரைட், 1999 முதல் 2014 வரை கார்ல்-ஹைன்ஸ் லாம்பெர்ட்ஸ், 2014 முதல் ஆலிவர் பாஷ். நாற்பது ஆண்டுகளில் நால்வர் மட்டுமே. பெல்ஜியத்தின் நடுவண் அரசியலோடு ஒப்பிட்டால் இது அசாதாரணமான நிலைத்தன்மை. இவர்களின் பதவிப் பெயர் ‘மினிஸ்டர்பிரேசிடென்ட்’. இங்கே முதலமைச்சர் என்றே எழுதுகிறேன்.

முதலமைச்சரையும் அமைச்சர்களையும் நியமிப்பது யார்? மன்னருக்குப் பங்கு உண்டா?

நியமிப்பவர் யாருமில்லை, சமூக நாடாளுமன்றம் அவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்தல் முடிந்ததும் கட்சிகள் தங்களுக்குள் பேசிக் கூட்டணி அமைக்கின்றன. பெரும்பான்மை உறுப்பினர்கள் கையெழுத்திட்ட ஒரே பட்டியலாக அமைச்சர்களின் பெயர்கள் அவையில் முன்வைக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. நடுவண் அரசை அமைக்கும்போது மன்னர் ஒவ்வொரு கட்சித் தலைவரையும் அழைத்துப் பேசி, பேச்சுவார்த்தையை நடத்த ஒருவரைப் பணிப்பார். சமூக அரசுகளில் அந்தச் சடங்கு எதுவும் இல்லை. அமைச்சர்கள் நாடாளுமன்றத்தின் முன் உறுதிமொழி ஏற்கின்றனர். முதலமைச்சர் மட்டும் பிரசெல்சுக்குச் சென்று மன்னர் முன்னிலையில் உறுதிமொழி ஏற்கிறார். சமூகச் சட்டங்களுக்கு ஒப்புதல் தந்து வெளியிடுவதும் மன்னர் அல்லர், அந்த அரசேதான். ஆளுநர் என்ற இடைத்தரகர் இல்லாத இந்த ஏற்பாடு, கிடப்பில் போடப்பட்ட மசோதாக்களைப் பற்றிப் படித்துப் பழகிய நமக்குச் சற்றுப் பொறாமையைத் தரக்கூடும்.

இப்போது அமைச்சரவையில் யார் இருக்கிறார்கள்?

2024 தேர்தலுக்குப் பின் அமைந்த அரசில் நால்வர் உள்ளனர்: முதலமைச்சர் ஆலிவர் பாஷ், லிடியா கிளிங்கன்பெர்க், கிரெகோர் ஃப்ரெஷஸ், ஜெரோம் ஃபிரான்சன். முதல் இருவர் புரோ டிஜி என்ற உள்ளூர்க் கட்சியினர். மற்றவர்கள் முறையே தாராளவாதக் கட்சியையும் கிறித்தவ சமூகக் கட்சியையும் சேர்ந்தவர்கள். நால்வருக்குள் எல்லாத் துறைகளும் பங்கிடப்படுவதால் ஒருவரிடம் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொறுப்புகள் சேர்வது இயல்பு. நாடாளுமன்றத்தின் 25 உறுப்பினர்களும் முழு நேர அரசியல்வாதிகள் அல்லர்; வேலை பார்த்துக்கொண்டே அவைக்கு வருபவர்கள்.

கூட்டணி இடையில் உடைந்தால் தேர்தல் வருமா?

வராது. பெல்ஜியத்தின் சமூக, வட்டார நாடாளுமன்றங்களைக் காலத்துக்கு முன் கலைக்க முடியாது. ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டுதான். அரசைக் கவிழ்க்க விரும்புவோர், மாற்று அரசின் பெயர்ப்பட்டியலோடு வர வேண்டும். இந்த விதி நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு ஆய்பனைவிட நல்ல எடுத்துக்காட்டு பிரெஞ்சு சமூக அரசில் கிடைக்கிறது.

2017 ஜூனில், வலோனியாவிலும் பிரெஞ்சு சமூகத்திலும் சோசலிஸ்டுகளோடு சேர்ந்து ஆண்டுகொண்டிருந்த மையவாதக் கட்சியின் தலைவர் பெனுவா லுட்கென், இனி சோசலிஸ்டுகளோடு ஆள முடியாது என்று திடீரென அறிவித்தார். வலோன் நாடாளுமன்றத்தில் அவர் கட்சியும் தாராளவாதிகளும் சேர்ந்தால் ஒரே ஓர் இடத்தால் பெரும்பான்மை கிடைத்தது. ஜூலை இறுதியில் வில்லி போர்சு தலைமையில் புதிய வலோன் அரசு பதவியேற்றது. ஆனால் பிரெஞ்சு சமூக நாடாளுமன்றத்தில் வலோனிய உறுப்பினர்களோடு பிரசெல்சின் பிரெஞ்சு மொழி உறுப்பினர்கள் 19 பேரும் அமர்வதால் அதே கணக்கு அங்கே எடுபடவில்லை. மாற்றுப் பெரும்பான்மை எதுவும் சேரவில்லை, கலைக்கவும் வழியில்லை. விளைவு, லுட்கெனின் அமைச்சர்கள் சோசலிஸ்டான ரூடி டெமோட்டின் தலைமையில் அதே மேசையில் 2019 வரை அமர்ந்திருந்தார்கள். ஒரே கட்சி, வலோனியாவின் தலைநகரான நமூரில் சோசலிஸ்டுகளை வெளியேற்றிவிட்டு, பிரசெல்சில் அவர்களோடு வாரந்தோறும் கூட்டம் நடத்தியது.

அரசின் அதிகாரங்கள் எவை?

முதன்மையானது கல்வி. 1989 முதல் பள்ளிக் கல்வி சமூகங்களின் பொறுப்பு. கட்டாயக் கல்வி எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடிய வேண்டும் என்பது, பட்டயங்களுக்கான குறைந்தபட்ச நிபந்தனைகள், ஆசிரியர்களின் ஓய்வூதியம் ஆகிய மூன்று மட்டும் நடுவண் அரசிடம் உள்ளன. கட்டாயக் கல்வி தொடங்கும் வயதை 2020 முதல் 6-இலிருந்து 5 ஆகக் குறைத்ததும் நடுவண் நாடாளுமன்றம்தான். அடுத்து பண்பாடு, ஊடகம், இளையோர், விளையாட்டு. பிறகு குடும்பம், மாற்றுத்திறனாளர், முதியோர், சுகாதாரத்தின் ஒரு பகுதி ஆகிய மனிதரைச் சார்ந்த துறைகள். 2014-இல் முடிந்த ஆறாம் அரசுச் சீர்திருத்தத்தில் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் சேர்ந்தது. பி.ஆர்.எஃப். என்ற பொது ஒலிபரப்பு நிறுவனமும், ஆசிரியர்களையும் செவிலியரையும் உருவாக்கும் ஆய்பன் உயர்கல்வி நிறுவனமும் இந்த அரசின் நிழலில் இயங்குகின்றன. பல்கலைக்கழகம் கிடையாது, மாணவர்கள் லியேஜுக்கோ எல்லை தாண்டி ஆகனுக்கோ போகிறார்கள். அதனாலேயே, ஜெர்மனைக் காக்க எழுந்த இந்த அரசின் பள்ளிகளில் மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சும் கற்பிக்கப்படுகிறது.

ஒரு முரண் கவனிக்கத்தக்கது. மொழியின் பெயரால் அமைந்த இந்த அரசுக்கு மொழிப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பள்ளிகளில் மட்டுமே உண்டு. அலுவலகங்களில் எந்த மொழி என்பதைப் பிளெமிஷ், பிரெஞ்சு சமூகங்கள் தத்தம் பகுதியில் பெருமளவு தாமே முடிவு செய்கின்றன. ஆய்பனுக்கு அதை முடிவு செய்வது நடுவண் சட்டம்.

சமூகச் சட்டமும் நடுவண் சட்டமும் மோதினால் எது வெல்லும்?

எதுவும் தானாக வெல்லாது. இரண்டும் சம தகுதி உடையவை. மத்தியச் சட்டம் மாநிலச் சட்டத்தை மீறி நிற்கும் என்ற நம் ஊர் விதி அங்கே இல்லை. அந்தப் பொருளில் யாருக்கு அதிகாரம் என்பதை மட்டும் அரசியலமைப்பு நீதிமன்றம் முடிவு செய்யும். அதன் 12 நீதிபதிகளில் ஆறு பேர் டச்சு மொழியினர், ஆறு பேர் பிரெஞ்சு மொழியினர். அவர்களுள் ஒருவருக்குப் போதிய ஜெர்மன் அறிவு இருக்க வேண்டும்.

வலோன் வட்டாரத்தின் அதிகாரங்கள் ஆய்பனுக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன?

அரசியலமைப்பின் 139-ஆம் விதியின் வழியாக. வலோன் நாடாளுமன்றமும் ஜெர்மன் மொழிச் சமூக நாடாளுமன்றமும் ஒத்துக்கொண்டு இணையான சட்டங்களை இயற்றினால், வட்டாரத்துக்குரிய ஓர் அதிகாரத்தை ஜெர்மன் மொழிப் பகுதியில் மட்டும் சமூக அரசே செலுத்தலாம். அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. பிளெமிஷ் தரப்பின் சம்மதமும் தேவையில்லை. இந்த விதியை ஆய்பன் பொறுமையாகப் பயன்படுத்தியிருக்கிறது. 1994-இல் நினைவுச் சின்னங்களின் பாதுகாப்பு வந்தது. 2000-இல் வேலைவாய்ப்பு, 2005-இல் உள்ளாட்சிகளின் மேற்பார்வையும் நிதியும், 2014-இல் சுற்றுலா, 2020-இல் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், வீட்டு வசதி, எரிசக்தியின் சில பகுதிகள்.

இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால், மொழிக்கென்று பிறந்த ஓர் அரசு படிப்படியாக நிலத்துக்கான அரசாக மாறுவது தெரியும். பள்ளியையும் நூலகத்தையும் நடத்த வந்தவர்கள் இன்று கட்டட அனுமதி தருகிறார்கள். என் பார்வையில், இந்த அமைப்பு வெற்றி பெற்றதற்கு உண்மையான காரணம் அதன் மொழித் தன்மை அன்று. ஒன்பது உள்ளாட்சிகள் கொண்ட தெளிவான நிலப்பரப்பு அதற்கு முதலிலிருந்தே இருந்தது என்பதுதான்.

ஒரே ஊரில் இத்தனை அரசுகள் என்றால் நெருக்கடியில் என்ன நடக்கும்?

2021 ஜூலை 14, 15 தேதிகளில் பெய்த பெருமழையில் ஃபெஸ்த்ர் ஆறு பெருக்கெடுத்து ஆய்பனின் தாழ்வான பகுதிக்குள் புகுந்தது. ஊருக்கு மேலே உள்ள அணை வலோன் வட்டாரத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. மீட்புப் பணியின் ஒருங்கிணைப்பு லியேஜ் மாகாண ஆளுநரையும் நடுவண் அரசையும் சேர்ந்தது. பேரிடர் இழப்பீட்டு நிதி 2014 முதல் வட்டாரத்தின் பொறுப்பு. வெள்ளத்தில் சேதமான பள்ளி சமூக அரசுடையது. இடிந்த இடத்தில் என்ன கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்ற திட்டமிடலும் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்புதான் சமூக அரசின் கைக்கு வந்திருந்தது. ஆற்றங்கரையில் வீடிழந்த ஒருவர், ஒரே சேதத்துக்காக நான்கு தளங்களின் கதவைத் தட்ட வேண்டிய நிலை. அணையைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் நமூரில் இருக்கிறார். பிரெஞ்சில் பதில் சொல்வார்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி நடுவண் அரசின் மானியம். அரசியலமைப்பு சமூகங்களுக்கு வரி விதிக்கும் உரிமையை ஏட்டளவில் தருகிறது. பிரசெல்சில் யார் எந்தச் சமூகத்தவர் என்று பதிவு செய்யும் வழக்கம் இல்லாததால், யாரிடம் வரி கேட்பது என்று தெரியாமல் பிளெமிஷ், பிரெஞ்சு சமூகங்களால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. அவற்றுக்கு 1989-ஆம் ஆண்டுச் சிறப்பு நிதிச் சட்டப்படி மதிப்புக் கூட்டு வரியிலும் வருமான வரியிலும் ஒரு பங்கு போகிறது. ஆய்பனுக்குத் தனிச் சட்டப்படி ஒதுக்கீடு வருகிறது. வலோன் வட்டாரத்திடமிருந்து பெற்ற அதிகாரங்களுக்கு வலோன் அரசு பேசி முடித்த தொகையைத் தருகிறது. ஒவ்வொரு புதிய அதிகாரத்தின் பேச்சுவார்த்தையும் உண்மையில் இந்தத் தொகையைப் பற்றிய பேச்சுவார்த்தைதான். செலவு செய்யும் உரிமை முழுவதும், சம்பாதிக்கும் உரிமை ஏறக்குறைய இல்லை என்பது எந்த அரசுக்கும் ஆரோக்கியமான நிலை அன்று. வாக்காளரிடம் வரியைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத அமைச்சர், வாக்குறுதியில் தாராளமாக இருக்கிறார்.

மற்ற இரு சமூக அரசுகளும் இதே போலத்தான் இயங்குகின்றனவா?

மூன்றும் மூன்று வழியில் போயின. பிளெமிஷ் தரப்பு, 1980-இலேயே தன் சமூகத்தையும் வட்டாரத்தையும் ஒன்றாக்கிவிட்டது: ஒரே நாடாளுமன்றம், ஒரே அரசு, ஒரே வரவு செலவு. 124 உறுப்பினர்களில் ஆறு பேர் பிரசெல்சிலிருந்து வருகிறார்கள். வட்டாரப் பொருள்களில் அவர்கள் வாக்களிப்பதில்லை. வலுவான வட்டாரத்தின் பணம் மொழிச் சமூகத்துக்கும் துணையாக நிற்பதால், அங்கே சமூக அரசு என்று தனியாக ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

பிரெஞ்சு தரப்பில் நடந்தது நேர்மாறு. வலோனியாவுக்கும் பிரசெல்சுக்கும் தனித்தனி அரசுகள் இருக்க, பிரெஞ்சு சமூக அரசு இரண்டுக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தன் நிலமும் இல்லை, தன் வரியும் இல்லை. சம்பளம் தர வேண்டிய ஆசிரியர்கள் மட்டும் பல்லாயிரம். 1990-களில் கல்விச் செலவைக் குறைக்க முயன்றபோது ஆசிரியர்களின் நீண்ட வேலைநிறுத்தங்களைச் சந்தித்தது. அரசியலமைப்பின் 138-ஆம் விதியைப் பயன்படுத்தி, 1993 முதல் தன் அதிகாரங்களில் பலவற்றை வலோன் வட்டாரத்துக்கும் பிரசெல்சின் பிரெஞ்சு மொழியினருக்கான அமைப்பாகிய பிரெஞ்சு ஆணையத்துக்கும் அதுவே கைமாற்றியது. தொழிற்பயிற்சி, சுற்றுலா, பள்ளிப் பேருந்து ஆகியவை முதலில் போயின. 2014-இல் கிடைத்த குழந்தை உதவித்தொகையும் அவ்வழியே போனது. 2011 முதல் அது தன்னை வலோனியா-பிரசெல்ஸ் கூட்டமைப்பு என்று அழைத்துக்கொள்கிறது. அரசியலமைப்பில் பெயர் மாறவில்லை. 2024 ஜூலை முதல் எலிசபெத் டெக்ரீஸ் அதன் தலைவர்.

138-ஆம் விதியும் 139-ஆம் விதியும் அடுத்தடுத்து நிற்பவை. ஒன்றின் வழியாகப் பிரெஞ்சு சமூகம் மெலிந்தது. மற்றதன் வழியாக ஜெர்மன் சமூகம் தடித்தது.

ஜெர்மன் மொழிச் சமூக அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஜெர்மன் பேசினால் போதுமா?

போதாது, தேவையும் இல்லை. ஒன்பது உள்ளாட்சிகளில் வாழும் வயதுவந்த பெல்ஜியக் குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு, வீட்டில் பிரெஞ்சு பேசினாலும். பக்கத்தில் உள்ள மால்மெடியும் வைமும் 1920-இல் ஒன்றாகவே பெல்ஜியத்துக்கு வந்த ஊர்கள்தாம். ஆனால் அவை பிரெஞ்சு மொழிப் பகுதியில் வைக்கப்பட்டதால், அங்கே ஜெர்மன் பேசுபவர் அலுவலகத்தில் ஜெர்மனில் சேவை பெறலாம், ஆய்பன் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. மறுபுறம், ஆய்பனில் குடியேறி வாழும் ஜெர்மன் நாட்டுக் குடிமக்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். சமூகத் தேர்தலில் முடியாது.

ஆய்பன் வாக்காளர் வலோன் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கிறார். அங்கிருந்து தேர்வாகும் உறுப்பினர் முதலில் எந்த மொழியில் உறுதிமொழி சொல்கிறார் என்பது வெறும் மரியாதைக் கேள்வி அன்று. வலோன் உறுப்பினர்கள் 75 பேரும் பொதுவாகப் பிரெஞ்சு சமூக நாடாளுமன்றத்திலும் அமர்வார்கள்; ஆனால் உறுதிமொழியை முதலில் ஜெர்மனில் எடுத்தவருக்கு அங்கே இடமில்லை.

குலுக்கலில் தேர்வான குடிமக்கள் அரசுக்கு ஆலோசனை சொல்கிறார்களாமே?

ஆம். 2019 பிப்ரவரியில் ஆய்பன் நாடாளுமன்றம் நிலையான குடிமக்கள் உரையாடலைச் சட்டமாக்கியது. 24 பேர் கொண்ட குடிமக்கள் மன்றம் பேசவேண்டிய பொருளை முடிவு செய்யும். பிறகு 25 முதல் 50 பேர் வரை குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டு, வல்லுநர்களைக் கேட்டு, பரிந்துரைகளை எழுதுவார்கள். 16 வயது நிரம்பிய எவரும், எந்த நாட்டுக் குடியுரிமை உடையவரானாலும், அழைக்கப்படலாம். மேலே சொன்ன வாக்குரிமைக் குறையை இது ஓரளவு ஈடுகட்டுகிறது. முதல் அவை எடுத்துக்கொண்ட பொருள் முதியோர், நோயாளர் பராமரிப்பு. கொரோனாவால் அது இடையில் நின்று பிறகு தொடர்ந்தது. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. ஆனால் ஏற்க மறுத்தால் காரணத்தை நாடாளுமன்றக் குழுவும் அமைச்சரும் பொதுவில் விளக்கியாக வேண்டும். உலகெங்கும் ஆய்வாளர்கள் வந்து பார்க்கும் முறை இது. 80,000 பேர் உள்ள இடத்தில் அழைப்புக் கடிதம் அண்டை வீட்டுக்காரருக்கே வந்துவிடும் என்பதும் அது செயல்படுவதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்ய முடியுமா?

முடியும். உள்நாட்டில் எந்தப் பொருளில் அதிகாரமோ, அந்தப் பொருளில் வெளிநாட்டோடு உடன்படிக்கை செய்யும் உரிமையும் 1993 முதல் உண்டு. நாடு முழுவதற்குமான ஒப்பந்தம் சமூகங்களின் பொருளைத் தொட்டால் அவற்றின் ஒப்புதல் இல்லாமல் பெல்ஜியம் கட்டுப்பட முடியாது. 2016 அக்டோபரில் கனடாவோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்யவிருந்த வணிக ஒப்பந்தம், வலோன் வட்டாரமும் பிரெஞ்சு சமூகமும் மறுத்ததால் சில நாள் தடைபட்டு நின்றது உலகச் செய்தியானது.

நடுவண் அரசு அமையாமல் இழுபறியானால் சமூக அரசும் முடங்குமா?

முடங்காது. 2010-11இல் 541 நாள்கள் முழு அதிகாரமுள்ள நடுவண் அரசு இல்லை; பள்ளிகள் வழக்கம்போல நடந்தன.

ஜெர்மன் மொழிச் சமூகம் நான்காவது வட்டாரமாக மாறுமா?

அந்த ஆசையை ஆய்பன் மறைக்கவில்லை. நான்கு சம உறுப்புகள் கொண்ட பெல்ஜியம் அமையுமானால் எல்லா வட்டார அதிகாரங்களையும் ஏற்கத் தயார் என்று அதன் நாடாளுமன்றம் 2011-இலேயே தெரிவித்தது. ‘ஓஸ்ட்பெல்கியன்’, அதாவது கிழக்கு பெல்ஜியம், என்ற பெயரை 2017 முதல் அரசு முன்னிறுத்துவதும் மொழியைவிட நிலத்தைச் சுட்டும் பெயர் என்பதால்தான் என்று கருத இடமுண்டு. எதிர்ப்பும் உண்டு: நால்வர் அமைச்சரவையும் ஒரு சிறிய அலுவலர் குழுவும் சாலை, ஆறு, காடு, வேளாண்மை அனைத்துக்கும் வல்லுநர்களை எங்கே தேடும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த முடிவு ஆய்பனில் எடுக்கப்படுவது அன்று. புதிய வட்டாரம் என்றால் அரசியலமைப்பு மாற வேண்டும். அதற்குப் பிளெமிஷ் கட்சிகளும் பிரெஞ்சு மொழிக் கட்சிகளும் பிரசெல்சின் நிலையைப் பற்றி முதலில் ஒத்துப்போக வேண்டும். அதுவரை 139-ஆம் விதிதான் வழி. சாலைகளும் ஆறுகளும் சுற்றுச்சூழலும் இன்னும் நமூரின் கையில் உள்ளன.